தள்ளுண்ட சிற்றலைகள்

பயனற்ற தரிசு என்று ஒருவர் கைவிட்ட நிலத்திலே மற்றொருவர் புதையல் கண்டார் என்னும் கதைகள் எல்லா நாடுகளிலும் வழங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய நிகழ்ச்சியொன்று வானவெளியில் நடந்தது. கைவிட்டவர்கள் அரசாங்கங்களும் அறிஞர்களும். கண்டெடுத்தவர்களோ எவ்வித ஊதியமும் பெறாது, இரவுத் தூக்கத்தை இழந்து, தம் வீட்டு அறைகளிலே கருவிகளைப் பூட்டியும் கழற்றியும் பார்த்துக்கொண்டிருந்த எளிய ஆர்வலர்கள். அவர்கள் கண்டெடுத்த செல்வம் சிற்றலை. இலங்கை வானொலியின் குரல் இந்தியப் பெருநிலமெங்கும் ஒலித்த காலமொன்று இருந்ததே, அதற்கும் வழி வகுத்தது அச்செல்வமே.

அமெச்சூர் வானொலி ஆர்வலர் எனப்படுவோர் யாவர்? வானொலியைத் தொழிலாகக் கொள்ளாது, விருப்பத்தினால் மட்டும் பயில்வோர் அவர்கள். அரசாங்கத்தின் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக் குறியைக் கொண்டு, தம் சொந்தக் கருவியினால் வேற்றூராருடனும் வேற்று நாட்டாருடனும் பேசுவர். காசுக்காகச் செய்தி அனுப்புதல் அவர்களுக்கு விலக்கப்பட்டது. எவ்வளவு குறைந்த ஆற்றலைக் கொண்டு எவ்வளவு தூரம் எட்டலாம் என்பதே அவர்களுடைய ஆட்டம். இந்த ஆட்டமே உலகத்தின் செய்திப் போக்குவரத்தை மாற்றியது.

1901ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி, அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேற்குக் கரையில், நியூபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் ஹில் என்னுங் குன்றின்மேல் மார்க்கோனி காத்திருந்தார். பட்டமொன்று வான்கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று புள்ளிகள், மோர்ஸ் குறிமுறையில் 'எஸ்' என்னும் எழுத்து, தம் செவியில் விழுந்ததாக அவர் அறிவித்தார். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர். உலகம் வியந்தது, ஐயுற்றவர்களும் இருந்தனர். ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்லவேண்டிய வானலை, உருண்டையான பூமியின் முதுகைத் தாண்டி அப்பால் இறங்கியது எப்படி?

அடுத்த ஆண்டிலேயே இருவர் தனித்தனியே ஒரு விடையை முன்வைத்தனர். அமெரிக்காவில் ஆதர் கெனலி, இங்கிலாந்தில் ஒலிவர் ஹெவிசைட். காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மின்னைக் கடத்தும் படையொன்று இருக்கக்கூடும். அதுவே அலைகளைப் பூமியின் வளைவோடு நடத்திச் செல்லக்கூடும் என்றனர். அப்படையை அக்காலத்தில் எவரும் அளந்து பார்க்கவில்லை. பொறியியலாளர் தம் கண்முன் கண்ட அனுபவத்தையே நம்பினர். நிலத்தை ஒட்டிச் செல்லும் அலையின் நீளம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தூரம் அது தேயாமற் போகும். குறுகிய அலையோ நிலத்திலே உறிஞ்சப்பட்டு விரைவில் மாயும். இது உண்மையே. ஆயின் நிலத்தை ஒட்டாது மேலே எழும் அலையின் கதி யாது என்பதை அவர்கள் ஆராயவில்லை. ஆகவே தூரத் தொடர்புக்கு ஆயிரக்கணக்கான மீற்றர் நீளமுள்ள நெட்டலைகளே வேண்டும் என்பது மறுக்கவொண்ணாத விதியாயிற்று. வானளாவிய கம்பங்களும் பேராற்றல் வாய்ந்த மின்பொறிகளும் கொண்ட நிலையங்களை வல்லரசுகள் எழுப்பத் தொடங்கின.

இதற்கிடையே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இளைஞர் பலர் கம்பியில்லாத் தந்தியிற் பித்துக்கொண்டனர். கடையில் வாங்கிய சுருளும், கையாற் செய்த மின்பொறிக் கருவியும், கூரைமேற் கட்டிய கம்பியுமே அவர்களுடைய முதல். கடற்படையினரின் செய்திகளும் கப்பல்களின் செய்திகளும் இவ்விளைஞரின் இரைச்சலிற் சிக்கின என்ற முறைப்பாடு வளர்ந்தது. 1912 ஏப்பிரிலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபின் வானொலியை ஒழுங்குபடுத்தவேண்டும் என்ற குரல் ஓங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அந்நாடு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி தனியார் நிலையங்கள் 200 மீற்றருக்கு மேற்பட்ட அலைகளைப் பயன்படுத்தலாகாது. ஒரு கிலோவாற்றுக்கு மேற்பட்ட ஆற்றலையுங் கொள்ளலாகாது. 200 மீற்றருக்குக் கீழ்ப்பட்ட அலைகள் சில மைல் தூரத்துக்கு அப்பால் உதவா என்பது அன்றைய கொள்கை. அவற்றை ஆர்வலருக்குக் கொடுத்தது, வேண்டாத பிள்ளைகளை ஊர்ப்புறத்துக் களர் நிலத்தில் விளையாட விட்டதை ஒக்கும். இளைஞர் அங்கேயே சலித்து ஓய்ந்துவிடுவர் என்று பலர் எண்ணினர்.

அவர்கள் ஓயவில்லை. கனெற்றிக்கட் மாநிலத்து ஹாட்போட் நகரில் ஹைரம் பேர்சி மாக்சிம் என்பவர் வாழ்ந்தார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன் அவர். 1914ஆம் ஆண்டு அவர் ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்ட் நகருக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார். அவருடைய கருவி அவ்வளவு தூரம் எட்டவில்லை. இடைவழியிலிருந்த மற்றோர் ஆர்வலர் அச்செய்தியை ஏற்று அப்பால் அனுப்பினார். இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து மாக்சிமின் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. தனித்தனியே வலுவில்லாத நிலையங்கள் ஒன்றன் கையிலிருந்து மற்றொன்று வாங்கிக் கொடுத்தால் நாடு முழுவதும் செய்தி செல்லுமன்றோ? அவ்வாண்டிலேயே அமெரிக்க வானொலி அஞ்சற் கழகம் பிறந்தது. தூரத்தை வெல்ல இயலாதவர்கள் ஒற்றுமையினால் அதனை வெல்ல முனைந்த முயற்சி அது.

முதல் உலகப் போர் அம்முயற்சியை முறித்தது. பிரித்தானியாவில் 1914இலும், அமெரிக்காவில் 1917இலும் ஆர்வலரின் நிலையங்கள் மூடப்பட்டன. அமெரிக்காவில் மீண்டும் ஒலிக்க அவர்களுக்கு 1919ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அனுமதி கிடைத்தது. ஆயினும் போரினால் ஒரு நன்மையும் விளைந்தது. வெற்றிடக் குழாய், அதாவது வால்வு, செம்மையுற்றது. முன்னர் மின்பொறியின் படபடப்பினால் அலையெழுப்பிய கருவிகள், வானமெங்கும் ஆற்றலைச் சிதறடித்தன. வால்வு எழுப்பிய அலையோ ஒரே சீரானது. ஆற்றல் முழுவதும் ஓரிடத்திற் குவிந்தது. போர்க்களத்தில் வானொலி பயின்று திரும்பிய இளைஞரின் கையில் அக்குழாய் வந்தது. அப்பொழுது அவர்கள் நோக்கு அத்திலாந்திக்கின் மறுகரைக்குச் சென்றது.

1921 பெப்ரவரியில் அமெரிக்க ஆர்வலர் ஒலித்தனர், பிரித்தானிய ஆர்வலர் செவிகொடுத்தனர், ஒன்றுங் கேட்கவில்லை. குறை அலையிலா, கேட்போரின் கருவியிலா? இதனைத் தீர்த்தறிவதற்காகக் கழகத்தார், ஏற்புக் கருவிகள் அமைப்பதில் வல்லவரான போல் கொட்லி என்பவரைக் கப்பலேற்றி அனுப்பினர். அவர் இலண்டனுக்கு வந்து, பின் வடக்கே சென்று, ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆட்ரோசன் என்னுமூரை அடைந்தார். கடலோர வயலொன்றிலே கூடாரம் அடிக்கப்பட்டது. கம்பங்களின்மேல் நீண்ட கம்பியொன்று அமெரிக்காவின் திசை நோக்கிக் கட்டப்பட்டது. டிசெம்பர் மாதத்து மழையும் காற்றும் கூடாரத்தை அலைத்தன. எண்ணெய் அடுப்பின் வெப்பத்திலும் விளக்கின் ஒளியிலும், செவிக்குழாயை மாட்டிக்கொண்டு, இரவு முழுவதும் கொட்லி காத்திருந்தார். மார்க்கோனி கம்பனியைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் சாட்சியாக உடனிருந்தார்.

இம்முறை அலைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அமெரிக்க நிலையங்களின் அழைப்புக் குறிகள் கேட்டன. அவற்றுள் மிகத் தெளிவாகக் கேட்டது கனெற்றிக்கட் மாநிலத்துக் கிரீனிச் என்னுமூரில் ஆறு நண்பர் கூடியமைத்த நிலையம். பிற்காலத்தில் வானொலித் துறையிற் பெரும்புகழ் பெற்ற எட்வின் ஆம்ஸ்ட்ரோங் அவ்வறுவருள் ஒருவர். ஏறத்தாழ 230 மீற்றர் அலையில், ஒரு கிலோவாற்றுக்கு மேற்படாத ஆற்றலில், டிசெம்பர் 12ஆந் திகதி அதிகாலையில் அந்நிலையத்திலிருந்து ஒரு முழுச் செய்தி கொட்லியின் செவியை அடைந்தது. கொட்லிக்கு மனமார்ந்த வாழ்த்துக் கூறி, அறுவரின் பெயர்களையும் அடக்கிய சிறு செய்தி அது. மார்க்கோனி மூன்று புள்ளிகளைக் கேட்ட நாளுக்குச் சரியாக இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. மார்க்கோனிக்குப் பின்னால் ஒரு கம்பனி இருந்தது. இவர்களுக்குப் பின்னால் நண்பர்களின் சொந்தப் பணமும் ஓய்வு நேரமுமே இருந்தன.

கேட்பது ஒரு படி. கேட்டு மறுமொழி சொல்வது அடுத்த படி. 1922 டிசெம்பரில் நடந்த சோதனைகளில் முந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் ஐரோப்பாவிற் கேட்டன. பிரான்சிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒலித்த சில நிலையங்கள் அமெரிக்காவிலுங் கேட்டன. ஆனால் 200 மீற்றர் அலையில் இரு பக்கத்தாரும் ஒரே இரவில் உரையாடுதல் கைகூடவில்லை. அப்பொழுது சிலர், மேலே செல்லச் சட்டம் இடங்கொடாதாயின் கீழே சென்று பார்ப்போம் என்று துணிந்தனர். கழகத்தின் அலுவலரான பிரெட் ஷ்னெல்லும், ஜோன் ரைனாட்ஸ் என்பவரும் 100 மீற்றர் அளவிலே சோதனை செய்தனர். கொள்கைப்படி அலை இன்னும் வலுவிழக்கவேண்டும். நேர்ந்ததோ அதற்கு மாறானது. குறி இன்னும் தெளிவாயிற்று.

பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரத்து ஆர்வலர் லியோன் டெலோய் இதனைக் கேள்வியுற்று 1923ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவுக்கே சென்று அவர்களுடைய முறைகளைக் கற்றுத் திரும்பினார். அவ்வாண்டு நொவெம்பர் பிற்பகுதியில் தாம் 100 மீற்றரில் ஒலிக்கப்போவதாகத் தந்தியில் அறிவித்தார். அவருடைய குறிகள் உடனே அமெரிக்காவிற் கேட்டன. ஷ்னெல் அவ்வலையில் ஒலிப்பதற்குச் சிறப்பு அனுமதி பெற்றார். நொவெம்பர் 27ஆந் திகதி இரவு டெலோய் தம் செய்தியை முடித்து மறுமொழிக்கு வேண்டினார். ஷ்னெல் அழைத்தார். கடலின் மறுபுறத்திலிருந்து விடை வந்தது. செவிக்குழாயை ஓரடி தூரத்தில் வைத்தபோதும் உமது குறி கேட்கிறது என்பது அவ்விடையின் கருத்து. சற்று நேரத்தில் ரைனாட்ஸும் அவ்வுரையாடலிற் சேர்ந்துகொண்டார். அத்திலாந்திக்கின் இரு கரையிலுமிருந்த ஆர்வலர் முதன்முறையாகப் பேசிக்கொண்ட இரவு அது. அடுத்த மாதத்திலேயே இலண்டன் ஆர்வலர் ஒருவரும் ஷ்னெல்லுடன் தொடர்புகொண்டார். கதவு திறந்துவிட்டது.

அதன்பின் ஓராண்டும் நிறைவதற்குள் ஆர்வலர் உலகத்தின் மறுமுனையைத் தொட்டனர். நியூசிலாந்தின் ஒட்டாகோப் பகுதியிலே, ஷாக் பள்ளத்தாக்கில் ஆடு வளர்க்கும் பண்ணையொன்றில் பிராங் பெல் என்பவர் வாழ்ந்தார். முதல் உலகப் போரில் உடல்நலங் கெட்டு வீடு திரும்பியவர் அவர். வானொலி அவருக்குத் துணையாயிற்று. இலண்டனின் மில் ஹில் பாடசாலையிலோ, பதினெட்டு வயது மாணவரான சிசில் கொய்டர் பாடசாலையின் நிலையத்தை இயக்கிக்கொண்டிருந்தார். 1924ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆந் திகதி இவ்விருவரும் ஒருவரையொருவர் கேட்டுப் பேசினர். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 18,000 கிலோமீற்றர். பூமியின் மேல் இதனினும் மிகுந்த தூரத்துக்கு ஒருவர் பேசுதல் பெரும்பாலும் இயலாது. ஏனெனில் அதற்கப்பால் வழி திரும்பத் தொடங்கிவிடும். ஆட்டுப் பண்ணையாளர் ஒருவரும் பாடசாலை மாணவர் ஒருவரும் உலகத்தை அதன் முழு அகலத்துக்கும் அளந்துவிட்டனர்.

பிராங் பெல் பின்னர்ப் பண்ணை வேலைகளில் ஈடுபட, அவருடைய சகோதரி பிரெண்டா பெல் அந்நிலையத்தை ஏற்று நடத்தினார். நியூசிலாந்தின் முதற் பெண் வானொலி ஆர்வலர் அவரே. 1927இல் நியூசிலாந்திலிருந்து தென்னாபிரிக்காவுடன் முதன்முதலாக வானொலித் தொடர்புகொண்ட பெருமையும் அவரையே சார்ந்தது.

குறுகிய அலை தூரம் போனது எவ்வாறு? ஆர்வலர் செயலிற் காட்டியதை அறிஞர் இப்பொழுது அளந்து விளக்கினர். 1924 டிசெம்பரில் எட்வட் அப்பிள்டன் என்னும் ஆய்வாளர் தம் துணைவருடன், போண்மத் நகர ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளை ஒக்ஸ்போட்டிலிருந்து ஆராய்ந்தார். நிலவழியே வரும் அலையும், மேலே சென்று மீளும் அலையும் ஒன்றோடொன்று கூடியும் மோதியும் நிற்பதைக் கணக்கிட்டு, மீளச் செய்யும் படை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் உண்டென நிறுவினார். கெனலியும் ஹெவிசைட்டும் கற்பனையிற் கண்டது உண்மையாயிற்று. அதற்கும் மேலே, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால், இன்னொரு படை இருப்பதையும் அவர் பின்னர்க் கண்டார். இவ்வாராய்ச்சிக்காக 1947இல் அவர் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இதன் தன்மை அறிவதற்கு எளிது. சூரியனின் கதிர்கள் மேல்வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரிக்கின்றன. இலத்திரன் மிகுந்த அப்படை, ஏற்ற கோணத்தில் மேலேறும் சிற்றலையை வளைத்துப் பூமிக்குத் திருப்புகின்றது. பூமியும் கடலும் அதனை மீண்டும் மேலே எறிகின்றன. இவ்வாறு எழுந்தும் வீழ்ந்தும் அலை கண்டங்களைத் தாண்டுகின்றது. அலை முதன்முறை கீழிறங்கும் இடத்துக்கு இப்பால் ஒரு மௌனப் பரப்பு உண்டு. ஆகவே அயலூரிற் கேளாத நிலையம் ஆயிரங் காதத்துக்கு அப்பால் நன்றாகக் கேட்கும். ஆர்வலர் ஆண்டுகள் பலவாகக் கண்டு வியந்த இவ்விந்தைக்கு ரைனாட்ஸ் 1925இல் தம் சோதனைகளால் விளக்கம் தந்தார். பகலிலே கீழ்ப்படையொன்று தோன்றி நீளங்கூடிய அலைகளை விழுங்குகின்றது. இரவில் அது மறைகின்றது. அதனாலேயே 100 மீற்றரில் இரவு சிறந்தது. 20 மீற்றரிலோ பட்டப்பகலிலும் கண்டங் கடக்கலாம் என்பதை ரைனாட்ஸ் அதே ஆண்டில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பேசிக் காட்டினார். சூரியனின் மறுக்கள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கொருமுறை பெருகும்போது சிற்றலையும் செழிக்கும். அவை குன்றும்போது அதுவும் குன்றும்.

சிற்றலையின் பெருமை முழுவதும் ஆர்வலருக்கே உரியதென்று கூறுவது நீதியாகாது. மார்க்கோனியும் அவர்தம் பொறியியலாளரும் போர்க்காலந்தொட்டே குறுகிய அலைகளை ஆராய்ந்து வந்தனர். 1923இல் அவர் தம் எலெத்ரா என்னுங் கப்பலில், ஏறத்தாழ 97 மீற்றர் அலையில் வந்த போல்டு நிலையத்தின் குறிகளைக் கேப் வேர்ட் தீவுகள்வரை பின்தொடர்ந்தார். ஆனால் உலகத்தின் எல்லாத் திசைகளிலும், எல்லாப் பருவங்களிலும், ஆயிரக்கணக்கான செவிகள் ஒரே காலத்திற் செய்த சோதனையை எந்தக் கம்பனியும் செய்திருக்கவியலாது. அமெரிக்கக் கடற்படை இதனை உணர்ந்து, 1925இல் பசிபிக் சமுத்திரத்துக்குச் சென்ற தன் படைத் தொகுதியின் கப்பலொன்றில் ஷ்னெல்லையே ஏற்றிக்கொண்டு சிற்றலையைச் சோதிக்கச் செய்தது. ஒரு காலத்தில் இளைஞரின் இரைச்சலைப் பழித்த துறையே அவர்களுள் ஒருவரை ஆசானாக அழைத்துக்கொண்டது.

அரசாங்கங்களின் மனம் எவ்வளவு விரைவாக மாறிற்று என்பதற்குப் பிரித்தானியாவே சான்று. 1926 சனவரியில் ரக்பி நகரில் மாபெரும் நெட்டலை நிலையம் திறக்கப்பட்டது. அதன் கம்பங்கள் ஒவ்வொன்றும் 820 அடி உயரம். அலையின் நீளமோ 18,000 மீற்றருக்கு மேல். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, கனடாவுக்கு மார்க்கோனி அமைத்த சிற்றலைக் கதிர்வழி திறக்கப்பட்டது. 1927இல் அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளுக்கும் அவ்வழி நீண்டது. செலவும் ஆற்றலும் முன்னதில் ஒரு சிறு பங்கே. கடலடித் தந்திக் கம்பனிகள் இப்போட்டிக்கு ஆற்றாமல், 1929இல் வானொலியுடன் ஒரே நிறுவனமாக இணையவேண்டியதாயிற்று.

இங்கேதான் ஆர்வலருக்கு இடர் வந்தது. களர் நிலத்திற் புதையல் உண்டென்று தெரிந்ததும் எல்லோரும் வேலியுடன் வந்தனர். 1927ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகரில் உலக நாடுகளின் வானொலி மாநாடு கூடியது. சிற்றலை முழுவதும் அரசாங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் வேண்டுமென்று பலர் வாதாடினர். ஆர்வலருக்கு ஏதும் கொடுக்கலாகாது என்ற நாடுகளும் இருந்தன. மாக்சிம் இதனை முன்னுணர்ந்தவர்போல் 1925இலேயே பாரிஸ் நகரிற் பல நாட்டு ஆர்வலரைக் கூட்டிச் சர்வதேச ஒன்றியமொன்றை நிறுவியிருந்தார். அவர்கள் போராடியதன் பயனாக 160, 80, 40, 20, 10, 5 மீற்றர் அளவுகளில் சில பட்டைகள் ஆர்வலருக்கு உலகெங்கும் உறுதியாயின. ஆனால் அவை ஒடுங்கியவை. 40 மீற்றர் அளவில் அமெரிக்க ஆர்வலர் கொண்டிருந்த இடத்தில் மூன்றிலொரு பங்குகூட மிஞ்சவில்லை. காட்டை வெட்டி வழி திருத்தியவனுக்கு வழியோரத்தில் ஒரு சிறு குடிசை கிடைத்தது போன்றது இது. எனினும் குடிசை நிலைத்தது.

திறந்த பெருவழியில் ஒலிபரப்பு விரைந்தது. 1932 டிசெம்பர் 19இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் சிற்றலைப் பேரரசுச் சேவையைத் தொடங்கியது. இலங்கையின் வரலாறும் இங்கே வந்து சேர்கின்றது. கொழும்பிலே 1925 டிசெம்பர் 16இல் ஒலிபரப்பைத் தொடங்கி வைத்த தந்திப் பொறியியலாளர் எட்வட் ஹாப்பர், அதற்கு முன்னரே ஆங்கிலேயரும் இலங்கையருமான வானொலி ஆர்வலரைச் சேர்த்துக் கழகமொன்று அமைத்தவர். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்களைக் கொண்டே அவரது முதற் சோதனைகள் நடந்தன என்பர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைத்தலைமை இத்தீவிற் சிற்றலை ஒலிபரப்பை நடத்தியது. ஏக்கலையில் நிறுவப்பட்ட அதன் பேராற்றல் நிலையம் 1949இல் இலங்கையின் உரிமையாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் இலங்கை வானொலியின் திரையிசையைக் கேட்க இந்தியாவின் ஊர்தோறும் மக்கள் சிற்றலை முள்ளைத் திருப்பினர். அன்று அவர்கள் செவியில் விழுந்த பாடல்கள், 1912ஆம் ஆண்டுச் சட்டம் உதவாதென்று தள்ளிய அலைகளிலேயே மிதந்து வந்தன.

வழியைப் பெருநிறுவனங்கள் எடுத்துக்கொண்டபின் ஆர்வலர் செய்தது என்ன? தம் ஒடுங்கிய பட்டைகளில் ஆட்டத்தைத் தொடர்ந்தனர். விடியலிலும் அந்தியிலும் விழித்திருந்து, தீவுகளையும் மலைநாடுகளையும் தேடினர். புதிய நாடொன்றுடன் தொடர்பு கிடைத்தால் இருவரும் அதனைக் குறிப்பேட்டில் எழுதி, உறுதி அட்டைகளைத் தபாலில் மாற்றிக்கொள்வர். கியூ எஸ் எல் அட்டை என வழங்கும் இவை பலருடைய அறைச் சுவரை நிறைத்திருக்கும். முன்பு வீ எஸ் 7 என்றும் பின்னர் 4 எஸ் 7 என்றும் தொடங்கிய இலங்கையின் அழைப்புக் குறி கேட்டால், தூர தேசத்து ஆர்வலர் பலர் ஒருங்கே மறுமொழி தருவர். 1961இல் அமெரிக்க ஆர்வலர் தம் கையாற் செய்த சிறு துணைக்கோளை ஏவுகலமொன்றில் ஏற்றி வானுக்கு அனுப்பினர். ஒஸ்கார் எனப்பெயரிய அது மோர்ஸ் குறியில் ஒரு சிறு முகமனை ஒலித்துக்கொண்டே உலகைச் சுற்றியது. அது ஏவப்பட்ட நாளும் டிசெம்பர் 12ஆந் திகதியே.

காலம் மீண்டும் மாறியது. துணைக்கோளும், கடலடி ஒளியிழையும், கைத்தொலைபேசியும் வந்தன. சிற்றலையைத் தேடி வந்த பெருநிறுவனங்கள் பல அதனை விட்டு நீங்கின. பேரொலிபரப்பு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்றலையில் ஓய்ந்தன. உள்ளங்கையில் உலகமே பேசும்போது, கம்பி கட்டி, முள் திருப்பி, மங்கிய குரலொன்றைத் தேடுவதிற் பொருள் என்ன என்று கேட்போர் பெருகினர். அக்கேள்விக்கு 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஒரு விடை கிடைத்தது.

இந்திய ஆர்வலரான பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழுவினர் அம்மாதத்தில் அந்தமான் தீவுகளிலுள்ள போட் பிளேயர் நகரில் தங்கியிருந்தனர். பல்லாண்டாக ஆர்வலரின் குரலே எழாத அத்தீவுகளிலிருந்து உலக ஆர்வலருடன் பேசுவதே அவர்களுடைய நோக்கம். அட்டை சேர்ப்போர் ஆவலுடன் அவர்களை அழைத்துக்கொண்டிருந்தனர். ஆழிப்பேரலை வந்த காலையில் தொலைபேசி வழிகள் அறுந்தன. குழுவினர் ஆட்டத்தை அந்தக் கணமே நிறுத்தினர். அதே கருவியால், அதே அலையில், தீவிலிருந்தோரின் நலச் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினர். இன்னார் உயிருடன் இருக்கிறார் என்னும் ஒரு வரிச் செய்திக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. இலங்கையிலும் தொலைபேசி செயலற்ற ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு ஆர்வலர் சிற்றலை வழியே தொடர்பு ஏற்படுத்தினர். கோபுரம் வேண்டாது, கடலடிக் கம்பி வேண்டாது, மின்கலமும் ஒரு நீளக் கம்பியும் பயின்ற கையும் இருந்தாற் போதும் என்னும் பழைய உண்மை அன்று மீண்டும் விளங்கிற்று.

பயின்ற கை என்பதே இங்குக் கருதத்தக்கது. பேரிடர் வந்தபின் ஒருவர் வானொலி பயிலத் தொடங்க இயலாது. எந்த அலை எந்நேரத்தில் எவ்வளவு தூரம் செல்லும், மங்கிய குரலை இரைச்சலிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம் என்பனவெல்லாம் பயனற்றவைபோலத் தோன்றும் எண்ணிறந்த இரவுகளிலே கற்கப்படுகின்றன. 1912இல் அவ்வலைகளைப் பயனற்றவை என்றார்கள். 1927இல் அவற்றை ஆள்பவர்களைப் பயனற்றவர்கள் என்றார்கள். இரண்டு தீர்ப்பையும் காலம் மாற்றி எழுதியது. ஆகவே ஒடுங்கிய அப்பட்டைகளை ஆர்வலருக்கென்று காத்து நிற்பது அவர்களுக்குச் செய்யும் சலுகை என்று கருதலாகாது. வழிகள் யாவும் அடைபடும் நாளில் திறந்திருக்கவேண்டிய ஒரு வாயிலைக் காப்பதே அது.